உடையும் பொருள் நடுவில்

என் கொழுந்தன் எங்கள் வீட்டு ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் கணவர் பல் தேய்க்கும் பிரஷ்ஷைச் சின்ன ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தான். கைப்பிடி பாதிக்கு மேல் போய்விட்டது. என் கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அடுத்த வீட்டுக்காரன் பிரஷ் அறுபடுவதுபோல வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி பண்றீங்க?”

“எடை குறைக்கிறேன் அண்ணி.”

“அந்தக் கைப்பிடி என்ன, சிமெண்ட் மூட்டையா?”

“கீழ கிராமா இருக்கறது மேல ஏற ஏற கிலோவா தெரியும். உங்களுக்கு அதெல்லாம் புரியாது அண்ணி.”

எனக்குப் புரியாதாம். பார்சல் ஆபீஸ் கவுன்டரில் நின்று ஊராருடைய சாமான்களை எடை போட்டே பாதி ஆயுளைத் தீர்த்தவள் நான். ஒரு பெட்டியைக் கையில் வாங்கினாலே உள்ளே துணியா, புத்தகமா, கண்ணாடியா என்று சொல்லிவிடுவேன். டேப் ஒட்டி ஒட்டி என் கட்டைவிரல் நுனியில் ரேகையே இல்லை. பெட்டி அறுக்கிற கட்டர் கழுத்தில் கயிற்றில் தொங்கும். வீட்டுக்கு வந்தும் கழற்ற மறந்துவிடுவேன். என் கணவர் அதை என்னுடைய மெடல் என்று கேலி செய்வார். அப்படிப்பட்ட எனக்கு எடை புரியாதாம், சொல்கிறான் இவன்.

இவனுக்கு நான் மனசுக்குள் வைத்திருந்த பெயர் தராசு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லீவு கிடைத்தால் மலை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு கைத்தராசு இருக்கும். கொக்கியில் எதையாவது மாட்டித் தூக்கினால் எண்ணைக் காட்டும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் என் குடையைத் தூக்கிப் பார்த்து, “இவ்ளோ கனமா எதுக்கு அண்ணி?” என்றான். மழைக்கு என்றேன். அன்றைக்கே எனக்கும் அவனுக்கும் ஆகவில்லை.

இப்போது அவன் என் கணவரையும் மலைக்கு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறான். பகலெல்லாம் நடை, ராத்திரிக்குக் கூடாரம், தின்பதும் படுப்பதும் எல்லாம் முதுகில். வேறு யாருடைய கணவராவது போயிருந்தால் நானே கையசைத்து அனுப்பியிருப்பேன். என் கணவருக்கு இழுப்பு. போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் முகத்தில் பிளாஸ்டிக் மூடியோடு கிடந்தார். அந்த மூடிக்குள் ஆவி படிவதும் மறைவதுமாக இருந்ததைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். படிந்தால் இருக்கிறார். மறைந்தால், அடுத்தது படிகிறவரைக்கும் எனக்கு உயிர் இல்லை. அதிலிருந்து வெளியே வந்தவரை இவன் மலையில் ஏற்றுவானாம்.

“டாக்டரே நடக்கலாம்னு சொல்லிட்டாரு அண்ணி. இழுப்புக்கு அடிக்கற பம்பு கையில இருந்தாப் போதுமாம்.”

“அவர் நடக்கலாம்னு சொன்னது மார்க்கெட் வரைக்கும்.”

“அப்படியெல்லாம் சொல்லல.”

“நீங்க கூட இருந்து கேட்டீங்களா?”

“நீங்க கேட்டீங்களா?”

இரண்டு பேரும் கேட்கவில்லை. கேட்டவர் தன் பிரஷ்ஷின் மிச்சத்தைக் கையில் வாங்கி, கட்டைவிரலால் பிடித்துப் பார்த்து, “போதும்டா, பல்லு தேய்க்கலாம்” என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, “நான் போயிட்டு வரேன்” என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு முடிவான வாக்கியம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. அதற்கு மேல் நான் என்ன பேச? போகிறவரைத் தடுக்க முடியாது, போகிற பொருளையாவது நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன்.

மலைச் சாமான் விற்கிற கடைக்கு மூன்று பேருமாகப் போனோம். நான் வருவேன் என்று தராசு எதிர்பார்க்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்ததும் அவன் முகம் கசப்பு மாத்திரை விழுங்கியதுபோல ஆனது. எனக்கு அது பிடித்திருந்தது.

கடையில் ஒரு பெண் இருந்தாள். முடியை ஒட்ட வெட்டி, கையில் அளவு நாடாவோடு நின்றாள். என் கணவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, பிடரி எலும்பிலிருந்து இடுப்பு எலும்பு வரைக்கும் அளந்தாள். ஆளின் உயரம் முக்கியமில்லையாம், முதுகின் நீளம்தான் கணக்காம். அளந்து முடித்து ஒரு சாம்பல் நிறப் பையை எடுத்து, உள்ளே மணல் மூட்டைகளைத் திணித்து, அவர் முதுகில் மாட்டி, கடை ஓரத்தில் இருந்த மரச் சரிவில் ஏறி இறங்கச் சொன்னாள்.

“எங்க சார் இறுக்குது? தோள்லயா, இடுப்புலயா?”

“தோள்ல” என்றேன் நான்.

“இடுப்புல” என்றான் தராசு.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் பார்த்தாள். “பை யாருக்கு?” என்று கேட்டாள். அவருக்குத்தான் என்று நாங்கள் சேர்ந்தே சொன்னோம்.

அந்தச் சாம்பல் பையின் துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். வெங்காயத் தோல். அடுத்த பக்கம் விரல் தெரிந்தது. இதில் சாமானை வைத்து என் கவுன்டருக்கு யாராவது கொண்டுவந்தால் வாங்கவே மாட்டேன், திருப்பி அனுப்பிவிடுவேன். நல்ல கெட்டித் துணியில், இரட்டைத் தையல் போட்ட பை ஒன்று மேல் தட்டில் இருந்தது. அதைக் காட்டினேன். தராசு உடனே கொக்கியை மாட்டித் தூக்கி, எண்ணைப் பார்த்து, தலையில் கை வைத்தான்.

“காலிப் பையே இவ்ளோ கனம்னா சாமானை யார் தூக்கறது, நீங்களா?”

“கிழிஞ்சு நடுமலையில சாமான் கொட்டினா யார் பொறுக்கறது, உங்க தராசா?”

“அண்ணி, இது பாராசூட் துணி. கிழியவே கிழியாது.”

“பாராசூட்ல குதிக்கவா போறார்? நடக்கத்தானே போறார்?”

நாங்கள் இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது என் கணவர் கடையின் மறுகோடியில் ஒரு ஆரஞ்சு நிறப் பைக்கு முன்னால் நின்றிருந்தார். அதன் வாரைப் பிடித்துப் பார்த்தார். இடுப்புப் பட்டையில் இருந்த குட்டிப் பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். “இது எப்படி?” என்று கேட்டார். “அழுக்கு சட்டுனு தெரியும்” என்றேன். “எடை கூட” என்றான் தராசு. வாழ்க்கையில் அவனும் நானும் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான். சாம்பல் பையை வாங்கிக்கொண்டு வந்தோம்.

மற்ற சாமான்களும் இதே லட்சணத்தில்தான் வாங்கினோம். தூங்கும் பையில் நான் குளிருக்குத் தாங்குவதைக் கேட்டேன், அவன் முஷ்டிக்குள் அடங்குவதைக் கேட்டான். ஷூ சாயங்காலத்தில்தான் வாங்க வேண்டும், அப்போதுதான் கால் வீங்கியிருக்கும் என்று ஒரு முழு நாளை வீணாக்கினான். கூடாரத்தை ஹாலில் விரித்துப் போட்டுப் பழகினார்கள். கம்புகளை அவன் தூக்குவானாம், துணியை இவர் தூக்குவாராம். வழியில் இரண்டு பேருக்கும் சண்டை வந்து ஆளுக்கொரு பக்கம் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். என் கணவர் கூடாரத்துக்குள்ளிருந்து, “நாங்க எதுக்குச் சண்டை போடறோம்?” என்றார். குரல் மட்டும் வந்தது. அதில் ஒரு சந்தோஷம் இருந்தது, அது எனக்குச் சகிக்கவில்லை.

மருந்து மட்டும் என் பொறுப்பு என்று கறாராகச் சொல்லிவிட்டேன். நீல பம்பு இரண்டு. ஒன்று கையோடு, இன்னொன்று மருந்துப் பைக்குள். இரண்டையும் நானே குலுக்கி, அழுத்திப் பார்த்து, உஸ்ஸென்று வருகிறதா என்று சோதித்து வைத்தேன்.

“கையோட இருக்கறது இடுப்புப் பட்டைப் பையில இருக்கணும்” என்றான் தராசு. “பார்க்காமலே கை போற இடம் அதுதான்.”

அது வரைக்கும் சரி. ஆனால் பையை அவன் அடுக்கிய விதம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கனமானதை நடுவில், முதுகை ஒட்டி வைத்தான். கீழே தூங்கும் பை. மேலே ஸ்வெட்டர். இண்டு இடுக்கில் எல்லாம் காற்று. குலுக்கினால் உள்ளே சாமான் நடமாடியது. எங்கள் ஆபீஸில் எடை மேஜைக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறது. கனம் கீழே, இடைவெளி கூடாது, உடையும் பொருள் நடுவில். இந்த மூன்றையும் மீறியவன் பெட்டி போன இடத்தில் பொடியாகத்தான் கிடைக்கும். நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கண்ணாடி விளக்கைப் பெட்டி ஓரத்தில் செருகிவிட்டு, போய்ச் சேரவில்லை என்று கவுன்டரில் வந்து என் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்துவார்கள்.

“இது பார்சல் இல்ல அண்ணி. இதை ஒரு மனுஷன் தூக்கிட்டு நடக்கப் போறான்.”

“மனுஷன் தூக்கற சாமானும் சாமான்தான்.”

“கனத்தைக் கீழ வெச்சா பின்னால இழுக்கும். முதுகு போயிடும்.”

“வாய் போனாப் பரவாயில்ல” என்றேன். அதற்கு அவன் எழுந்து போய்ப் பால்கனியில் நின்றுகொண்டான். என் கணவர் தலையைக் குனிந்து ஷூ லேஸைக் கட்டி, அவிழ்த்து, கட்டிக்கொண்டிருந்தார்.

புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஒத்திகை என்று ஒன்றை வைத்தான். எல்லாச் சாமானையும் பையில் ஏற்றி, எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் கீழிருந்து மொட்டைமாடி வரைக்கும் ஏறிப் பார்ப்பதாம். பையைத் தயாராக வைத்துவிட்டு, அடுப்புக்கு கேஸ் டப்பா வாங்க அண்ணனும் தம்பியும் வெளியே போனார்கள்.

வீட்டில் நானும் அந்தப் பையும்தான். நகர்த்தி வைக்கலாமே என்று வாரைப் பிடித்துத் தூக்கினேன். இடுப்புப் பட்டைப் பையின் ஜிப் பாதிதான் மூடியிருந்தது. பம்பு நழுவித் தரையில் விழுந்து, சோபாவுக்கு அடியில் உருண்டு போனது.

இது ஹால். குப்புறப் படுத்துக் கையை விட்டு எடுத்துவிட்டேன். அங்கே, பாறைச் சரிவில், அவர் மூச்சு வாங்க நிற்கும்போது இது இப்படி நழுவினால்? பள்ளத்தில் போய்த் தேடுவானா தராசு? கொக்கியை விட்டுத் தூக்குவானா? பெட்டிக்கு வெளியே ஒட்டிய எதுவும் முழுசாகப் போய்ச் சேராது. இதைத் தெரிந்துகொள்ள நான் மலை ஏற வேண்டியதில்லை.

ஆபீஸிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பபுள் ஷீட்டையும் டேப்பையும் எடுத்தேன். பையை முழுக்கக் கொட்டினேன். பம்பைச் சோப்பு டப்பாவில் வைத்து, ஆடாமல் பஞ்சு அடைத்து, மூடி, பபுள் ஷீட்டில் சுற்றி, டேப் போட்டேன். பிறகு பலகையில் எழுதியிருந்தபடியே கட்டினேன். கனமெல்லாம் கீழே. அதற்கு மேல் சட்டை துணியில் ஒரு மெத்தை. அந்த மெத்தைக்கு நட்டநடுவில் டப்பா. நாலு பக்கமும் காலுறைகளைச் சுருட்டித் திணித்தேன். மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே தூங்கும் பை. மருந்துப் பையை நான் திறக்கவில்லை. இன்னொரு பம்பை நான்தானே அதற்குள் வைத்தேன், அது அங்கே இருக்கும்.

கட்டி முடித்துக் குலுக்கிப் பார்த்தேன். ஒரு சத்தம் இல்லை. பை பெட்டிபோல நிமிர்ந்து நின்றது. என் கையால் எத்தனையோ பார்சல் கட்டியிருக்கிறேன், எதுவும் இவ்வளவு அழகாக வந்ததில்லை. தராசு திரும்பி வந்து கொக்கியை மாட்டித் தூக்கினான்.

“ஏதோ கூடியிருக்கே?”

“உங்க தராசுக்கு வயசாயிடுச்சு” என்றேன். என் கணவர் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். அவர் காதோரம் சொன்னேன். “பம்பு பத்திரமா இருக்கு.” அவர் தலையை ஆட்டினார்.

படியேறினோம். தராசு முன்னால், அவர் நடுவில், நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னால். நீங்கள் எதற்கு என்று தராசு கேட்டான். என் வீட்டுப் படி, நான் ஏறுவேன் என்றேன். முதல் மாடிகளில் அவர் நன்றாகத்தான் ஏறினார். பை பின்பக்கமாக இழுத்தது, அதை ஈடுகட்ட அவர் முன்னால் வளைந்து ஏறினார். அதைப் பார்த்தேன். பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். “நிமிர்ந்து நடண்ணே, எதுக்குக் கூன் போடறே?” என்று தராசு மேலிருந்து குரல் கொடுத்தான். பேசுகிற மூச்சு அவரிடம் இல்லை.

மொட்டைமாடிக்கு முந்தைய திருப்பத்தில் நின்றுவிட்டார். அந்த விசில் சத்தம் எனக்குக் கேட்டது. ஆஸ்பத்திரியில் கேட்ட அதே சத்தம். கை இடுப்புக்குப் போனது. பார்க்காமலே போனது. ஜிப் திறந்தது. விரல்கள் உள்ளே போய் எதையும் பிடிக்காமல் வெளியே வந்தன. மறுபடியும் போயின. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை நான் என்ன செய்தாலும் மறக்கப்போவதில்லை. பத்திரமா இருக்கு என்றாயே, எங்கே என்று கேட்ட பார்வை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்திரமாகத்தான் இருக்கிறது. யாராலும் எடுக்க முடியாத அளவுக்குப் பத்திரமாக.

அவர் படியிலேயே முட்டி போட்டுச் சாய்ந்தார். தராசு பாய்ந்து இறங்கி வந்து, “பம்பு எங்கண்ணே?” என்று காலியான பட்டைப் பையைத் தடவினான். பிறகு பையின் மேல் வாரை அவிழ்க்க ஆரம்பித்தான். வாரின் கொக்கி சிக்கிக்கொண்டது. அது கழன்றதும் தூங்கும் பையைப் பிடித்து இழுத்தான். நான் திணித்த திணிப்பில் அது வரவே இல்லை.

“நகருங்க.”

“அண்ணி, இருங்க, எடுத்துடறேன்…”

“நகருடா!”

அவனை நான் அதுவரை டா போட்டதில்லை. தோளால் இடித்துத் தள்ளினேன். கழுத்தில் தொங்கிய கட்டரை எடுத்து, முனையைத் தள்ளி, பையின் பக்கவாட்டில் நடுவில் குத்தி, கீழ்நோக்கி இழுத்தேன். பாராசூட் துணி. கிழியவே கிழியாது என்றானே, காகிதம்போல வாய் திறந்தது. சரியாக அந்த நேரத்தில் ஒரு வீட்டுக் கதவு திறந்தது. கீழே விழுந்து கிடக்கிற ஆள்மேல் கத்தியோடு நான் கவிந்திருந்ததைப் பார்த்து உள்ளே இருந்த அம்மா வீல் என்று கத்திக் கதவைச் சாத்தினாள். நான் கையை உள்ளே விட்டேன். எங்கே இருக்கிறது என்று என் விரலுக்குத் தெரியும். காலுறையை உருவினேன், டப்பா வந்தது. பபுள் ஷீட்டை ஒரு கீறல், மூடியை ஒரு நெம்பு, பஞ்சு பறந்தது. பம்பை அவர் வாயில் வைத்து அழுத்தினேன். சற்று விட்டு இன்னொரு தடவை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் எலும்பு வலித்தது. பிறகு பிடி தளர்ந்தது. விசில் அடங்கி, வெறும் மூச்சானது.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்.

“மருந்துப் பையில இன்னொண்ணு இருக்குல்ல? அதை எடுக்காம தூங்கற பையைப் போய் இழுக்கறீங்க? புத்தி இருக்கா?”

நான் கிழிசலுக்குள்ளிருந்து மருந்துப் பையை உருவித் திறந்தேன். பஞ்சு, களிம்பு, கட்டுத்துணி. பம்பு இல்லை.

“எங்க அது?”

“எங்க வீட்ல இருக்கு” என்றான். “மேஜை மேல. ஒண்ணு இருந்தாப் போதும்னு… எடைக்காக…”

“எடைக்காக. ஒரு மனுஷன் மூச்சை எடை போட்டு வெளிய எடுத்து வெச்சிருக்கே.”

“அந்த ஒண்ணு இருக்க வேண்டிய இடத்துல இருந்திருந்தா இன்னொண்ணுக்கு அவசியமே இல்ல! அதை எவன் சோப்பு டப்பாவுக்குள்ள வெச்சு டேப் ஒட்டினது?”

“நீ ஜிப்பை ஒழுங்கா மூடியிருந்தா நான் ஏன் எடுக்கப்போறேன்?”

“எங்க அண்ணனைக் கொன்னிருப்பீங்க!”

“நானா? நீயா?”

மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. கீழ்மாடிகளில் கதவுகள் திறந்தன. நாங்கள் வாய்க்கு வந்தபடி கத்தினோம், அவன் என் ஆபீஸைத் திட்டினான், நான் அவன் மலையைத் திட்டினேன். எங்கள் காலடியில் உட்கார்ந்திருந்தவர் மெல்ல வார்களைக் கழற்றினார். கிழிந்த பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வெளியே தொங்கிய ஒரு காலுறையை உள்ளே தள்ளினார். பிறகு எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். அவர் போனதை நாங்கள் கவனிக்கச் சற்று நேரம் ஆனது.

அன்று முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை. பயணம் ஒழிந்தது என்று நான் உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது கதவுக்கு வெளியே தராசு நின்றிருந்தான். கையில் அந்த இரண்டாவது பம்பு. “இதைக் குடுக்க வந்தேன்” என்றான். வாங்கிக்கொண்டேன். உள்ளே வா என்று சொல்லவில்லை, அவனாக வந்தான். அவர் வீட்டில் இல்லை. அவர் வேலை பார்க்கும் தண்ணீர் மீட்டர் பட்டறைக்குப் போன் செய்தேன். இன்று வரவே இல்லை என்றார்கள். தராசு எழுந்து பால்கனிக்கும் கதவுக்கும் நடந்தான். நீங்கள்தான் காரணம் என்று நானும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. சொல்லாமலே இரண்டு பேர் முகத்திலும் அது எழுதி ஒட்டியிருந்தது.

சாவி திரும்பியது. அவர் உள்ளே வந்தார். முதுகில் அந்த ஆரஞ்சு நிறப் பை.

“எங்க போயிருந்தீங்க?” என்றேன்.

“டாக்டர்கிட்ட. அப்புறம் கடைக்கு.” பையை இறக்கிச் சோபாவில் சாய்த்து வைத்தார். “ஏறறதுக்கு முன்னாடியே பம்பை அடிச்சுக்கணுமாம். இழுப்பு வந்த பிறகு இல்ல. மெதுவா ஏறினா தாராளமா போகலாம்னாரு. ஊதச் சொல்லிப் பார்த்துட்டுத்தான் சொன்னாரு.”

“அண்ணே, அதை முன்னாடியே…”

“கேட்டியாடா?” அவர் குரலை உயர்த்தவில்லை. “நீ என் பிரஷ்ஷை அறுத்தே. அவ என் பம்பைப் பொதிஞ்சு வெச்சா. ஒருத்தன் எடை போடறான், ஒருத்தி டேப் ஒட்டறா. மூச்சு யாரோடது? உங்க ரெண்டு பேர்ல யாராவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“நான் உங்க நல்லதுக்குத்தானே…” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும். அதனாலதான் இத்தனை நாள் வாயைத் திறக்கல.” என் கையில் இருந்த பம்பை வாங்கிக்கொண்டார். “ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க. நான் அடுக்கணும்.”

“வெளியன்னா எங்க?”

“வெளியன்னா வெளிய.”

என் வீட்டிலிருந்து என்னை வெளியே போகச் சொன்னார். போனேன். தராசும் வந்தான். கதவு சாத்தி, தாழ்ப்பாள் விழுந்தது. மாடிப்படி விளக்குக்குக் கீழே, அந்த ஜென்மத்தோடு தோளுக்குத் தோள் நான் நிற்க வேண்டியதாகிவிட்டது. மேல்வீட்டு அம்மா காய்கறிப் பையோடு ஏறி வந்தாள். என் கழுத்தில் தொங்கிய கட்டரைப் பார்த்ததும் சுவரை ஒட்டிக்கொண்டு போனாள்.

உள்ளே சாமான்கள் நகரும் சத்தம் கேட்டது.

“கேஸ் டப்பாவை நடுவுல வைக்கணும்” என்று தராசு முணுமுணுத்தான். “கீழ வெச்சாருன்னா போச்சு.”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

“நீங்களும்தான்.”

உள்ளே அவர் இருமினார். ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை, இழுத்து.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கைப்பிடியைப் பிடித்தோம். என் கைக்கு அடியில் அவன் கை. திருகினோம், அசையவில்லை. “ஏங்க!” என்றேன். “அண்ணே!” என்றான். பதில் இல்லை. அவன் விரல்கள் சில்லென்று இருந்தன. என் விரல்களும் அப்படித்தான் இருந்திருக்கும்.

உள்ளே பம்பு உஸ்ஸென்றது.

சற்று விட்டு இன்னொரு உஸ். அதற்குப் பிறகு மூச்சு, சீராக. நான் கையை எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. ஒரு ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. பம்பை எங்கேயோ வைக்கிறார். எந்த ஜிப் என்று கதவில் காதை வைத்துக் கேட்டோம். எனக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை.